பாளையங்கோட்டையில ஒரு சீஷத்துவ வகுப்பு – சேரலாமா? முழு ரிவ்யூ

சீஷத்துவம்னா இயேசுவோட சீஷனா, அவர் சொன்னபடி வாழக் கத்துக்கிறது. சீஷத்துவ வகுப்பு, சீஷத்துவப் பயிற்சி, வளர்ச்சி முகாம்னு எங்க பாளையங்கோட்டை பக்கம் எந்த சபை கேட்டுல பார்த்தாலும் ஒரு பேனர் தொங்குது. எதுல சேர்றது, சேர்ந்தா என்ன பிரயோஜனம்னு என்கிட்ட நிறைய பேர் கேட்டுட்டாங்க. அதனால நான் முழுசா முடிச்ச ஒரு வகுப்பைப் பத்தி நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிடறேன். சபை பேரு போட வேண்டாம்னு அங்க நடத்துறவங்களே கேட்டுக்கிட்டாங்க, அதை மதிச்சு விட்டுடறேன். சபை பேரைவிட வகுப்பு எப்படி நடக்குதுங்கறதுதான் உங்களுக்கு உபயோகம், ஏன்னா இதே மாதிரி வகுப்பு உங்க ஊர்லயும் இருக்கும், எதைப் பார்த்து சேரணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல விவரம். ஏறக்குறைய ஆறு மாசம், சனிக்கிழமை சாயங்காலம். ஃபீஸ் கிடையாது, புக்குக்கு மட்டும் 150 ரூபாய், அதுவும் கொடுக்க முடியாதவங்ககிட்ட கேட்கறதில்ல. ஒரு பாட்டு, ஜெபம், அப்புறம் முக்கால் மணி நேரம் பாஸ்டர் பாடம் எடுப்பாரு, அதுக்கப்புறம் சுக்குக் காப்பியும் ஒரு முறுக்கும், பிறகு ஆறு ஏழு பேரா பிரிஞ்சு சின்னக் குழு. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி. இந்தச் சின்னக் குழுதான் இந்த வகுப்போட உயிர்னு நான் சொல்லுவேன், அதைப் பத்திதான் நிறைய எழுதப் போறேன்.

அதுக்கு முன்னாடி நான் எந்த அளவுகோலை வச்சு இந்த வகுப்பைப் பார்த்தேன்னு சொல்லணும். பைபிள்ல மத்தேயு 28-ஐ எல்லாரும் மனப்பாடமா சொல்லுவோம், புறப்பட்டுப் போய் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கன்னு. ஆனா அதோட அடுத்த வரியில ஆண்டவர் என்ன சொல்றாரு, "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்". கைக்கொள்ளும்படி. தெரிஞ்சுக்கிறதோட நிக்காம, செய்யற அளவுக்குச் சொல்லிக் கொடுக்கணும். அப்போ ஒரு சீஷத்துவ வகுப்பை எடை போடணும்னா எத்தனை பாடம் முடிஞ்சுது, எத்தனை வசனம் படிச்சோம், பரீட்சையில எவ்வளவு மார்க்குனு பார்த்துப் பிரயோஜனம் இல்ல, அங்க யாராவது உங்களைப் பார்த்து "படிச்சதுல எதைச் செஞ்சீங்க"ன்னு கேட்கறாங்களா, அதான் கேள்வி.

இது புதுசா யாரோ கண்டுபிடிச்ச முறையும் இல்ல. ஆதி சபையில ஞானஸ்நானம் வாங்க வர்றவங்களை எப்படித் தயார் பண்ணினாங்கன்னு சொல்ற பழைய ஒழுங்கு நூல் ஒண்ணு நமக்குக் கிடைச்சிருக்கு. அதுல மூணு வருஷம் வசனம் கேட்கணும்னு போட்டிருக்கு, ஆனா ஒருத்தர் ஊக்கமா இருந்தா காலத்தைப் பார்க்க வேண்டாம், நடக்கையைப் பாருங்கன்னும் அதுலயே இருக்கு. கடைசியில ஞானஸ்நானத்துக்கு முன்னாடி என்ன விசாரிப்பாங்கன்னா, இவங்க விதவைகளை மதிச்சாங்களா, வியாதியா கிடந்தவங்களைப் போய்ப் பார்த்தாங்களா, நற்கிரியை செஞ்சாங்களான்னு விசாரிப்பாங்க, அதுவும் அவங்களைக் கூட்டிட்டு வந்தவங்க சாட்சி சொல்லணும். இன்னைக்கு நம்ம திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்புல விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் ஒப்பிச்சா போதும்னு அனுப்பிடறோம், பிள்ளைங்க வெள்ளை டிரஸ் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டு வெளிய போயிடுது. எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம் உண்டு.

சரி, வகுப்புக்கு வர்றேன். எங்க குழுவை நடத்தினவங்க ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க. எல்லாரும் டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவோம். அவங்க பெருசா பேச மாட்டாங்க. உட்கார்ந்ததும் ஒரு நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தரையா பார்த்து, "போன வாரம் இதைச் செய்யறேன்னு சொன்னீங்களேம்மா, என்ன ஆச்சு?" அவ்வளவுதான் கேள்வி. திட்ட மாட்டாங்க. செய்யலன்னு சொன்னா, "ஏன் முடியல, என்ன தடை"ன்னு கேட்பாங்க, அந்தத் தடைக்காக அங்கயே ஜெபிப்போம், அடுத்த வாரம் மறுபடி அதையே கேட்பாங்க. மறக்கவே மாட்டாங்க, நோட்டு இருக்கே. முதல் ரெண்டு மூணு வாரம் எல்லாருக்கும் கூச்சம், பொதுவா "ஜெபத்துல வளரணும்"னு ஏதாச்சும் சொல்லித் தப்பிக்கப் பார்ப்போம், டீச்சரம்மா விட மாட்டாங்க, "எந்த நேரத்துல, எங்க உட்கார்ந்து, எதுக்காக"ன்னு கேட்டு எழுத வச்சுருவாங்க.

எங்க குழுவுல ஒரு அக்கா வீட்டோட டெய்லர் கடை வச்சிருக்காங்க, ஜாக்கெட், சுடிதார் தைக்கறது. அவங்க அனுமதி வாங்கித்தான் இதை எழுதறேன். வரி வசூல் பண்ணின சகேயு பத்தின பாடம் வந்த வாரம், லூக்கா 19, அநியாயமா வாங்கினதை நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா திரும்பக் கொடுக்கறேன்னு அவன் எழுந்து நின்னு சொல்ற பகுதி. பாடம் கேட்கும்போது எல்லாரும் ஆமென்னு தலையாட்டினோம். சின்னக் குழுவுல அந்த அக்கா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு அப்புறம் சொன்னாங்க, ஜாக்கெட்டுக்கு எண்பது சென்டிமீட்டர் போதும்னு தெரிஞ்சும் ஒரு மீட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுவேன், மிச்சத் துணி எனக்கு, அதுல பைப்பிங் போடுவேன், சின்னப் பிள்ளைக்குச் சட்டை தைச்சு விப்பேன், எல்லா டெய்லரும் செய்யறதுதானேன்னு இருந்தேன்னாங்க. டீச்சரம்மா ஒண்ணும் தீர்ப்பு சொல்லல. "நீங்களே ஜெபிச்சுட்டு என்ன செய்யணும்னு முடிவு பண்ணுங்க, அடுத்த வாரம் கேட்கறேன்"ன்னாங்க. அடுத்த வாரம் அக்கா வந்து சொன்னாங்க, இனிமே எவ்வளவு துணி வேணுமோ அதைத்தான் எழுதிக் கொடுக்கறேன், வெட்டின மிச்சத்தைச் சின்னதா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ளயே வச்சு கவர்ல போட்டுடறேன்னு. ஒரு கஸ்டமர் திரும்ப வந்து, இது என்ன துணின்னு கேட்டாங்களாம், உங்க துணிதாம்மான்னு சொன்னதும் அவங்களுக்கு ஒரே ஆச்சரியம், ஏன் இப்போ கொடுக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க, அக்கா ஆண்டவரைப் பத்திச் சொல்லியிருக்காங்க. அந்த வாரம் வந்த காணிக்கை, பாட்டு, பிரசங்கம் எல்லாத்தையும் விட எனக்கு அந்தச் சின்னத் துண்டுத் துணி பெருசா தெரிஞ்சுது.

இந்த மாதிரி விஷயம் பெரிய கூட்டத்துல நடக்காது. ஆயிரம் பேர் கூடற கன்வென்ஷன்ல கண்ணீரோட கையைத் தூக்கலாம், ஆனா மிச்சத் துணியைப் பத்தி யாரும் கேட்க மாட்டாங்க. இங்கிலாந்துல மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி காலத்துல நடந்ததும் இதுதான். 1742-ல பிரிஸ்டல்ல கூடுகை நடத்தற கட்டடத்து மேல கடன் இருந்துச்சு, அதை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு, பன்னிரண்டு பேருக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்து வீடு வீடா போய் வசூலிக்கணும். போனா அங்க என்ன தெரியுது, இந்த வீட்டுல சண்டை, அந்த வீட்டுல குடி. காசு வசூல் பண்ணப் போனவங்க ஆத்துமாவை விசாரிக்கிறவங்களா ஆயிட்டாங்க. அப்புறம் அந்தப் பன்னிரண்டு பேரும் வாரா வாரம் ஒரே இடத்துல கூடி ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்க ஆரம்பிச்சாங்க, மெத்தடிஸ்ட் இயக்கம் அவ்வளவு தூரம் நின்னதுக்கு இந்தச் சின்னக் கூடுகை ஒரு முக்கியக் காரணம். நம்ம வகுப்பு நடத்தறவங்களுக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாதோ, செய்யறது அதையேதான்.

பாஸ்டர் எடுக்கற பாடத்துல எனக்குப் பிடிச்சது சக்கரப் படம். அமெரிக்கக் கடற்படை ஆட்கள் நடுவுல ஊழியம் செஞ்ச டாசன் ட்ராட்மேன், 1933-ல நேவிகேட்டர்ஸ் இயக்கத்தை ஆரம்பிச்சவரு, அவர் கொடுத்த படம் அது. நடுவுல கிறிஸ்து, நாலு ஆரக்கால், வேத வசனம், ஜெபம், ஐக்கியம், சாட்சி, வெளிவட்டம் கீழ்ப்படிதல். இந்தப் படத்தை நிறைய வகுப்புல போர்டுல வரைவாங்க, ஆனா நாலு ஆரக்காலுக்கு நாலு வாரம் எடுத்துட்டு வெளிவட்டத்துக்கு வரும்போது நேரமாயிடுச்சுன்னு முடிச்சிடுவாங்க. இங்க வெளிவட்டத்துக்குத்தான் அதிக நேரம். சக்கரம் ரோட்டுல படற இடம் கீழ்ப்படிதல்தான்னு பாஸ்டர் சொன்னாரு, வீட்டுல வேலைக்கு வர்ற அக்காகிட்ட எப்படிப் பேசறோம், ஆபீஸ்ல ஓவர்டைம் எப்படி எழுதறோம், வாடகைக்கு வீடு விடும்போது யாருக்கு இல்லைங்கறோம், அங்கதான் தெரியும்னு.

மனப்பாட வசனம் வாரத்துக்கு ஒண்ணு. பெரியவங்களுக்கு இது கஷ்டம்னு நினைச்சேன், ஆனா எங்க குழுவுல எழுபது வயசுப் பாட்டி ஒருத்தங்கதான் ஒருநாளும் தவறாம சொன்னாங்க. அவங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனசுல வச்சுக்குவாங்க. "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்". லூக்கா 9:23. அந்த அநுதினமும்ங்கற இடத்துல பாட்டி கொஞ்சம் அழுத்திச் சொல்லுவாங்க. அவங்க வீட்டுல படுத்த படுக்கையா இருக்கற வீட்டுக்காரரை வருஷக்கணக்கா கவனிச்சுக்கிட்டு வர்றாங்க, அந்த வசனத்துக்கு அவங்களைவிட நல்லா யாரும் விளக்கம் கொடுக்க முடியாது.

சாட்சி பத்தின பாடத்துல நம்ம மண்ணு ஆளைப் பத்திச் சொன்னது நல்லா இருந்துச்சு. வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல நம்ம திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிக்கக் காரணமா இருந்தவங்கள்ல முக்கியமானவரு, 1912-ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர் ஆனவரு. தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்ல ஊழியம் பண்ணும்போது ஞானஸ்நானம் வாங்கினவங்களை அவங்க கையை அவங்க தலை மேலயே வைக்கச் சொல்லி, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோன்னு சொல்ல வைப்பாராம், 1 கொரிந்தியர் 9:16-ல இருக்கற வார்த்தை. படிப்பு இல்லாத, நிலம் இல்லாத, ஊரே ஒதுக்கி வச்ச ஜனங்க அவங்க. இன்னும் பத்து வருஷம் படிச்சுட்டு வா, அப்புறம் சாட்சி சொல்லுன்னு அவர் சொல்லல. தண்ணியில இருந்து எழும்பின அன்னைக்கே நீ சீஷன், உனக்குப் பொறுப்பு இருக்குன்னு சொல்லிட்டாரு. நம்ம என்ன செய்யறோம், முப்பது வருஷம் பெஞ்சுல உட்கார்ந்திருக்கோம், எபிரெயர் 5-ல சொன்ன மாதிரி காலத்தைப் பார்த்தா போதகரா இருக்க வேண்டிய நமக்கே மறுபடி குழந்தைக்குக் கொடுக்கற மாதிரி பால், அதாவது அடிப்படைப் பாடம், கொடுக்க வேண்டியிருக்கு.

இப்போ குறைகள். சின்னதை முதல்ல சொல்லிடறேன். புக்கு ஜெராக்ஸ் மாதிரி இருக்கு, சில பக்கத்துல ஓரத்து எழுத்தே விழல, வயசானவங்களால படிக்க முடியாது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்க ஏற்பாடு இல்ல, அதனால கைக்குழந்தை வச்சிருந்த ரெண்டு மூணு தங்கச்சிங்க பாதியில நின்னுட்டாங்க, அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, வளரணும்னு ஆசையா வந்தவங்க அவங்க. முடியற நேரம் எட்டரை ஒன்பது ஆயிடுது, கிராமத்துல இருந்து வர்றவங்களுக்குக் கடைசி பஸ் பிரச்சனை.

பெரிய குறை ரெண்டு. ஒண்ணு, பணம் பத்தின பாடம். முழு வாரமும் தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கை ஆண்டவருக்குக் கொடுக்கறதுதான். மல்கியா 3 வாசிச்சாங்க, கொடுத்தா ஆசீர்வாதம்னாங்க, முடிச்சுட்டாங்க. கடன் பத்தி இல்ல, வட்டிக்கு விடறது பத்தி இல்ல, வரதட்சணை பத்தி ஒரு வார்த்தை இல்ல. நகை எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவுன்னு பேசி முடிச்சுட்டு ஜெபத்தோட நிச்சயம் பண்றோமே, சீஷத்துவம் அந்த இடத்துல என்ன சொல்லுதுன்னு சொல்லித்தர வேண்டாமா. மக்கெதோனியா சபைங்க கொடிய தரித்திரத்துலயும் எருசலேம்ல இருக்கற ஏழைப் பரிசுத்தவான்களுக்குக் கொடுத்தாங்கன்னு பவுல் 2 கொரிந்தியர் 8-ல எழுதறாரே, அதை எடுத்திருந்தா கொடுக்கறதைப் பத்தின எங்க பார்வையே மாறியிருக்கும்.

ரெண்டாவது, ஜாதி. மொத்தப் பாடத்திட்டத்துலயும் ஜாதின்னு ஒரு தலைப்பு கிடையாது. கலாத்தியர் 3:28-ஐ ஒரு நாள் வாசிச்சாங்க, நாம எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நம்ம பக்கத்துச் சபைகள்ல கல்யாணத்துக்கு, கல்லறைக்கு, கமிட்டி எலக்ஷனுக்கு ஜாதி எப்படி வேலை செய்யுதுன்னு இங்க படிக்கற எல்லாருக்கும் தெரியும். 1833-லயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள்ள ஜாதி வித்தியாசம் உடனே, முழுசா, ஒரேயடியா ஒழியணும்னு தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் அனுப்பினாரு, அதுக்கு எதிர்ப்பும் பலமா கிளம்புச்சு, சபையை விட்டே போனவங்க உண்டு. அத்தனை வருஷத்துக்கு முன்னாடி பேச வேண்டியதா இருந்த விஷயத்தை இன்னைக்கும் ஒரு சீஷத்துவ வகுப்புல பேசாம தாண்டிப் போறது சரியில்ல. நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால் அதினால் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்னு ஆண்டவர் யோவான் 13-ல சொன்னது இந்த ஊர்ல, இந்தத் தெருவுல இருக்கற சகோதரனைப் பத்தித்தான். நான் பாஸ்டர்கிட்ட நேரடியாவே சொன்னேன், அடுத்த பேட்ச்ல ஒரு வாரம் ஒதுக்கறோம்னு சொல்லியிருக்காரு. செய்வாருன்னு நம்பறேன், ஏன்னா கேட்கும்போது முகம் சுளிக்கல, குறிப்பு எடுத்துக்கிட்டாரு.

இன்னொண்ணு எச்சரிக்கையா சொல்லணும், இது இந்த வகுப்போட குறை இல்ல, ஆனா இந்த மாதிரி "விசாரிக்கற" குழுக்கள்ல வரக்கூடிய ஆபத்து. ஒருத்தர் உங்க வாழ்க்கையைக் கேட்கற இடத்துல உட்கார்ந்துட்டா அவங்க கைக்கு ஒரு அதிகாரம் வந்துரும். 1970-கள்ல அமெரிக்காவுல ஃபோர்ட் லாடர்டேல்ல அஞ்சு போதகர்கள் சேர்ந்து சீஷத்துவம்ங்கற பேருல ஒரு இயக்கம் நடத்தினாங்க, ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனுக்குக் கீழ இருக்கணும்னு, நாளடைவுல வேலை, கல்யாணம், வீடு மாத்தறது வரைக்கும் அனுமதி கேட்கற நிலைமை நிறைய இடத்துல வந்து குடும்பங்க காயப்பட்டுச்சு. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரான பாப் மம்ஃபோர்ட் பிற்பாடு பகிரங்கமா மன்னிப்பு கேட்டாரு. அதனால நீங்க எந்த வகுப்புல சேர்ந்தாலும் கவனிங்க, நடத்தறவங்க கேள்வி கேட்கறாங்களா, உத்தரவு போடறாங்களா? அவங்களையும் யாராவது விசாரிக்கறாங்களா? குழுவுல சொன்னது வெளிய போகுதா? எங்க டீச்சரம்மா முதல் நாளே, இங்க பேசினது வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கினாங்க, அதோட தன்னோட நோட்டுப் பக்கத்தையும் எங்ககிட்ட காட்டி, "இந்த வாரம் என் மருமககிட்ட பேசின பேச்சு சரியில்ல, மன்னிப்பு கேட்கறேன்னு எழுதியிருக்கேன், அடுத்த வாரம் என்னையும் கேளுங்க"ன்னாங்க. நாங்க கேட்டோம். கேட்டுட்டேன்னு சொன்னாங்க. அந்த ஒரு விஷயத்துக்காகவே எங்க மதினியையும் இப்போ அதே குழுவுல சேர்த்து விட்டிருக்கேன்.

முடிவுல சர்டிஃபிகேட் கொடுக்கற விழா ஒண்ணு வச்சாங்க, மாலை, போட்டோ, சிறப்புப் பேச்சாளர் எல்லாம். எனக்கு அது வேண்டாம்னு பட்டுச்சு. சீஷத்துவத்துல முடிச்சுட்டேன்னு சொல்ற இடமே இல்ல, பேதுரு ஆண்டவரோட மூணு வருஷம் நடந்து, பெந்தெகொஸ்தே நாள்ல பிரசங்கம் பண்ணி, அதுக்கப்புறம் அந்தியோகியாவுல புறஜாதியாரோட, அதாவது யூதர் அல்லாதவங்களோட, சாப்பிடறதை விட்டு விலகி பவுல்கிட்ட நேருக்கு நேரா கண்டிப்பு வாங்கினாரே, கலாத்தியர் 2-ல. அவ்வளவு பெரிய அப்போஸ்தலனுக்கே வளர வேண்டியது பாக்கி இருந்துச்சு. விழாவுக்குச் செலவு பண்ண காசுல பிள்ளைகளைப் பார்த்துக்க ஒரு ரூமும் ரெண்டு வாலண்டியரும் ஏற்பாடு பண்ணியிருக்கலாம். ஆனா விழாவுக்கு அப்புறமும் எங்க குழு நிக்கல, மாசத்துக்கு ரெண்டு தடவை யாராவது ஒருத்தர் வீட்டுல கூடறோம், நோட்டு தொடருது.

ஸ்டார் கேட்டீங்கன்னா சின்னக் குழுவுக்கு அஞ்சுக்கு அஞ்சு, பாடத்துக்கு மூணு, புக்குக்கு ஒண்ணரை. பைபிள் அறிவு மட்டும் வேணும், ஆராய்ச்சியா படிக்கணும்னு வர்றவங்களுக்கு இது சரிப்படாது, அதுக்கு வேற இடம் இருக்கு. ரொம்ப வருஷமா சபைக்குப் போறேன் ஆனா அதே கோபம், அதே பேச்சு, அதே பயம்னு உள்ளுக்குள்ள வேதனைப்படறவங்க கண்டிப்பா சேருங்க. அடுத்த பேட்ச் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிஞ்சு ஜூன்ல ஆரம்பிக்குதாம். புது நோட்டு ஒண்ணு, பெரிய எழுத்து பைபிள் ஒண்ணு கையில கொண்டு போங்க, அவங்க கொடுக்கற புக்கை நம்பாதீங்க. கைக்குழந்தை இருக்கறவங்க முன்னாடியே போய் பாஸ்டர் வீட்டு அம்மாகிட்ட சொல்லி வைங்க, நாலஞ்சு பேர் சேர்ந்து கேட்டா ஏதாவது ஏற்பாடு பண்ணுவாங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்க முதல் வாரமே நேரத்தைப் பத்திப் பேசிடுங்க, எட்டு மணிக்கு விடச் சொல்லிக் கேட்கறதுல தப்பில்ல.